மூன்றாம் மேசையின் ஜன்னலோர நாற்காலி

இருட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மடியில் கிடந்த எட்டு மாதக் குழந்தை அமலி வாய் நிறையப் பாலோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, அதே அமலி சிரிக்கிற சத்தம் தெருக்கோடியிலிருந்து வந்தது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று, அப்புறம் படியிறங்குவதுபோல இரண்டு மூன்று, கடைசியில் மூச்சுமுட்ட ஒரு கீச்சு. பெற்றவளுக்கு மாறிப்போகாது. மெட்டில்டா குனிந்து குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். உதடு பாலை இழுத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு மறுபடியும் வந்தது, உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியின் மாடியிலிருந்து, கூடவே ஏழெட்டு ஆம்பிளைகள் சேர்ந்து சிரிக்கிற சத்தமும்.

அமலி சிரித்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

டாக்டரிடம் காட்டியாயிற்று. காதருகே சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார், கண்ணுக்கு நேரே டார்ச்சைக் காட்டினார், "ஒரு குறையும் இல்லம்மா, சில பிள்ளைங்க சீரியஸ் டைப்" என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மெட்டில்டா மருந்தையும் கொடுத்தாள், கான்வென்டில் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்த நவநாள் ஜெபத்தையும் சொன்னாள். குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷி மாதிரி.

கிட்டங்கி மாடியில் சீட்டாட்ட அறை வந்து அப்போது ஏழு மாதம். முத்தந்துறையில் உப்பு வியாபாரம் படுத்த பிறகு வௌவால் தொங்கிய அந்த நீள அறையை, சொகுசுக் கப்பல்களின் காசினோவில் இருபது வருஷம் சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய லாசரஸ் பர்னாந்து வாடகைக்குப் பிடித்து, நாலு மேசை போட்டு, மேசைக்குப் பச்சைத் துணி ஒட்டி, ஊருக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தார். கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து சீட்டு, மிச்சமெல்லாம் எதிராளியின் முகம். காசு வைத்து ஆடக்கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். ஆடுவது பிளாஸ்டிக் வில்லைக்கு, ராத்திரி முடியும்போது வில்லையெல்லாம் பெட்டிக்கே திரும்பிப் போகும். ஆகவே அந்த அறையால் ஒரு வீடும் அடகுக்குப் போகவில்லை, ஒரு நகையும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. பெண்கள் வாயைத் திறக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் மாதம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அறை புழுங்கியது. டியூப்லைட் ங்ஙென்று இரைந்தது. டீயில் மண்ணெண்ணெய் வாடை. லாசரஸ் கவலைப்படவில்லை.

"ஆட்டம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்பார். "மனுசன் திரும்பி வாரது ஆட்டத்துக்கா? இல்ல. முதுகு வலிக்காத நாற்காலிக்கு வாரான். கண்ணை உறுத்தாத வெளிச்சத்துக்கு வாரான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேக்குறதுக்கு முந்தி டீயை வச்சி, தோத்தவனைப் பாத்து ஒருத்தனும் பல்லைக் காட்டாத இடத்துக்கு வாரான். அது அமைஞ்சிட்டா அவனை விரட்டினாலும் போகமாட்டான்."

அது எப்படி அமைந்தது என்பதற்கு லாசரஸ் பொறுப்பில்லை. ஊர்ப் பழக்கம்தான் பொறுப்பு. முத்தந்துறைக்காரர்கள் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிறவர்கள். துண்டு விழுந்த இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார்கள், பிறத்தியார் துண்டை எடுத்து நகர்த்துவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதேபோல, வீட்டுக்குக் கிளம்பும்போது நாளைக்கும் இந்த நாற்காலி எனக்கே என்று துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்து பார்த்தால் துண்டெல்லாம் தரையில் கிடந்தது. கைக்குட்டை போட்டார்கள், அதுவும் தரையில். செருப்பு, பேனா, காலி சிகரெட் பெட்டி, எதையும் நாற்காலி வைத்துக்கொள்ளவில்லை. கப்பல் ஏஜென்சி கிளார்க் மொத்தா ஒருநாள், துண்டு துவைக்கப் போட்டிருந்ததால், செத்துப்போன தன் அம்மாவின் பனையோலை விசிறியை வைத்துவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் விசிறி அப்படியே இருந்தது, பிள்ளையை மடியில் வைத்ததுபோல நாற்காலி அதை வைத்திருந்தது. அன்று சாயங்காலம் முதல் அறைக்குள் காற்று வந்தது.

மொத்தா வீட்டில் காற்று நின்றுபோனது. கடலைப் பார்த்த வீடு, ஆறு ஜன்னல், ஒன்றிலும் ஓர் இழை காற்று இல்லை, திரைச்சீலையெல்லாம் பலகை மாதிரி தொங்கின. மொத்தாவின் மனைவி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றிய மெழுகுதிரி கொஞ்சமும் ஆடாமல், வரைந்து வைத்ததுபோல நின்று எரிவதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அங்கே வந்து திரி ஏற்ற ஆரம்பித்தார்கள். அப்புறம் அவள் அழவில்லை, வந்தவர்களை வரிசையில் நிறுத்தவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

வீட்டில் புழங்குகிற பொருளை வைத்தால்தான் நாற்காலி ஏற்றுக்கொள்ளும் என்று அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஒருத்தர் தலையணை உறை வைத்தார், அறையில் யாருக்கும் கழுத்து வலிக்கவில்லை, அவர் வீட்டில் யாருக்கும் தூக்கம் வரவில்லை, தூங்காத வீட்டார் ராத்திரியெல்லாம் தையல் மிஷின் மிதித்து கிறிஸ்துமஸ் துணியெல்லாம் அக்டோபரிலேயே தைத்து முடித்தார்கள். ஒருத்தர் அடுக்களையில் உப்புப் போட்டுவைக்கிற மரவையை வைத்தார், அறையில் கொடுத்த வேர்க்கடலைக்கு அப்படி ஒரு ருசி வந்தது, அவர் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். கண்டித்துவிட்டு வருகிறேன் என்று மாடியேறின பங்குச் சாமியார் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து, மறுநாளும் உட்காருவதற்காக ஜெபப் புத்தகத்தின் அடையாள நாடாவை உருவி வைத்துவிட்டு இறங்கினார். அதன்பின் அவருக்குப் பிரசங்கத்தில் எங்கே விட்டோம் என்பது நினைவில் நிற்காமல் போய், பூசை இருபது நிமிஷம் முன்னதாகவே முடிந்தது. ஊரில் யாரும் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவில்லை.

மெட்டில்டாவின் கணவன் தொபியாஸ் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தான். நாளெல்லாம் வெயிலில் நின்று எண்ணுகிறவன். மூன்றாம் மேசையில் ஜன்னலோர நாற்காலி காலியானபோது அதை விட அவனுக்கு மனசில்லை. வீட்டில் கண்ணில் பட்டது ஒரு கிலுகிலுப்பை. பொம்மைதானே என்று எடுத்துப்போனான். அது முதல் அந்த அறையில், யாராவது தோற்றுச் சீட்டைக் கவிழ்க்கும்போது, சுவருக்குள்ளிருந்து ஒரு குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. தோற்றவனுக்கும் சிரிப்பு வந்துவிடும். தோல்வியே இல்லாத சீட்டறை உலகத்தில் எந்தக் கப்பலிலும் கிடையாது என்று லாசரஸ் கண்கலங்கினார்.

சிரிப்பு கேட்ட மறுநாள் காலையில் மெட்டில்டா பக்கத்து வீட்டு பிரிஜித் மதினியிடம் போய் நின்றாள்.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள் பிரிஜித். "நல்ல பிள்ளைட்டி நீ. ஊரே சொல்லுது, தொபியாஸ் வந்தப்புறம் மாடியில சிரிப்புக்குக் குறைச்சல் இல்லன்னு."

"அதைத் திருப்பி எடுக்க முடியாதா மதினி?"

"எடுக்கலாம். யாரு பொருளோ அவுக கையால எடுத்தா, போனது திரும்பி வரும். மொத்தா அம்மா செத்துட்டாவ, அந்தக் காத்து போனது போனதுதான். என் காபி ஃபில்டர் மூடியை எங்க வீட்டுக்காரவுக கொண்டுபோய் வச்சாவல்லா? காபி கொதிக்கும், மணம் இருக்காது. நானே போய் எடுத்துட்டு வந்தேன். மணம் வந்துட்டு."

"அப்போ சரிதானே?"

பிரிஜித் தலைமுக்காட்டை விலக்கிக் காட்டினாள். கூந்தல் தேங்காய் நார் மாதிரி விறைத்து நின்றது. "நாற்காலி காலியா இருக்கக் கூடாதாம். அன்னைக்கே என் சீப்பை எடுத்துட்டுப் போயிட்டாவ. இப்போ அங்கன ஆடுறவங்க தலையை யாரோ கோதிவிடுதாவளாம். கண்ணு சொக்குதாம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "போகட்டும்ட்டி. மனுசன் ராத்திரி சண்டை போடாம வந்து படுக்காரு. முடிக்கு எண்ணெய்ச் செலவும் இல்ல."

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தாநாள் குழந்தையின் காலுறை ஒன்று காணாமல் போயிருந்தது. முந்தாநாளிலிருந்து அமலி காலை உதைக்கவில்லை.

அன்று சாயங்காலம் தொபியாஸ் குளித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, காலித் தொட்டிலின் கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்ணுறீங்க?"

"ஒண்ணுமில்ல மெட்டி. இந்தச் சேலையை மட்டும். வேற கட்டிக்கலாம்லா."

"அது அவ படுக்குற சேலை."

"தெரியும்ட்டி. அந்த ஜன்னலோர இடத்துக்கு ஐசக்கு கண்ணு வச்சிட்டான். அவன் வீட்டுல இருந்து மூணு சாமான் வந்துட்டு. நான் ரெண்டுதான் வச்சிருக்கேன். இது ஒண்ணே ஒண்ணு. இதுக்கப்புறம் கேக்க மாட்டேன்."

"சிரிப்பு போயிட்டு. உதைக்கிறது போயிட்டு. இது போனா என்ன போகும்னு யோசிச்சீங்களா?"

அவன் யோசித்தான். கெட்டவன் இல்லை, உண்மையாகவே யோசித்தான். "அங்கே எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு" என்றான் கடைசியில், சமாதானமாக. "நான் தினம் கேக்குறேன்லா. வீட்டுல இருந்தப்போ அவ இவ்வளவு சிரிச்சதில்ல."

அவள் தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஆறரை மணி ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் போய்விட்டான். நாளைக்கு என்று அவன் சொன்னால் நாளைக்குத்தான். வேலையிலும் வாக்கிலும் நாள் தவறாதவன். மெட்டில்டா முடிச்சை இறுக்கி, குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அதன் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அந்தச் சேலைக்குள் வேறு என்ன இருக்கிறது அவன் எடுத்துப்போக?

அவள் எழுந்தாள். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் அது மறுபடியும் இந்தத் தொட்டிலுக்குத்தான் கையை நீட்டும். ஆகவே தன்னுடையதாக ஒன்று கொண்டுபோக வேண்டும். என்னது? ஜெபமாலையைத் தொட்டாள், விட்டாள். தையல் பெட்டியைத் தொட்டாள், கண் பார்வை போய்விட்டால் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று விட்டாள். கல்யாணப் புடவை, கண்ணாடி, கான்வென்டில் முதல் பரிசு வாங்கிய பேனா, ஒவ்வொன்றையும் தொட்டு, அதோடு என்ன போகும் என்று நினைத்து நினைத்து, கடைசியில் அடுக்களைக்கு வந்தாள். அவனுக்கு எடுத்துவைத்த சோற்றின் மேல் எவர்சில்வர் தட்டு ஒன்று கவிழ்ந்திருந்தது. கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு. அவன் துறைமுகத்திலிருந்து வந்தாலும் சீட்டாட்டத்திலிருந்து வந்தாலும், இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவள் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கக் காதை வைத்திருப்பாள், பிள்ளை அழுத நாளிலும் காய்ச்சல் அடித்த நாளிலும் அந்தக் காது தூங்கினதில்லை. தட்டைக் கையில் எடுத்தாள். சோறு மூடாமல் கிடந்தது. தொட்டில் சேலையை அவிழ்த்து, அதிலேயே குழந்தையைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் அந்த மாடிப்படியை மிதித்ததில்லை என்று இல்லை, பிரிஜித் ஏறியிருக்கிறாள். ஆனால் கைக்குழந்தையோடு யாரும் ஏறினதில்லை. கதவைத் தள்ளியதும் முதலில் காற்று வந்தது, ஈரமும் உப்புமாக, கழுத்து வியர்வையைத் துடைத்துவிடுகிற காற்று. வெளிச்சம் தேன் நிறத்தில் மேசைமேல் மட்டும் விழுந்திருந்தது. சீட்டுக் கலைக்கிற சத்தம் புறா சிறகடிப்பதுபோல மெத்தென்று இருந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் அவசரப்படவில்லை, உப்பும் சூடுமாக வேர்க்கடலை மணத்தது, எட்டு மாதமாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காத அவளுடைய தலைக்குள் யாரோ விரலை விட்டு மெல்லக் கோதினார்கள். இதற்காகத்தானா என்று நினைத்தாள். கால் தானாகத் தளர்ந்தது.

"வாங்கம்மா, மெட்டில்டா அம்மா" என்றார் லாசரஸ், பெயரைச் சொல்லி, அவள் கேட்பதற்கு முந்தி டீயை நீட்டி. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கு பாருங்க."

இருந்தது. நேற்றுவரை நாலு மேசைக்கு முப்பத்திரண்டு நாற்காலி. இப்போது முப்பத்து மூன்றாவதாக ஒன்று, அவள் இடுப்பின் அளவுக்கே செய்ததுபோல, பிள்ளையை வைத்துக்கொள்ள வசதியாக ஒரு கை மட்டும் கொஞ்சம் அகலமாக. அதன் மேல் எதுவும் இல்லை. எதையாவது வைக்கும்வரை காத்திருக்கும்.

மூன்றாம் மேசையில் ஐசக் தோற்றுச் சீட்டைக் கவிழ்த்தான். சுவருக்குள்ளிருந்து அவள் குழந்தை சிரித்தது. இடுப்பில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டு, எங்கிருந்து என்று தெரியாமல், தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் தேடியது.

அதைப் பார்த்ததும் மெட்டில்டாவுக்குக் கால் திரும்பி வந்தது. டீயை வாங்கவில்லை. நேரே ஜன்னலோரம் போனாள்.

"மெட்டி! என்னட்டி இது, எல்லாரும் பாக்காவ" என்று தொபியாஸ் பாதி எழுந்தான். கிலுகிலுப்பையும் காலுறையும் நாற்காலியின் முதுகில் ஒரு கொக்கியில் தொங்கின.

"எந்திரிங்க."

"ஆட்டம் நடக்கு."

"எந்திரிங்கன்னேன்."

"ஏல தொபியாஸ், வீட்டு அதிகாரி வந்துட்டாவ, எந்திரில" என்றான் ஐசக், இடம் காலியாகிற சந்தோஷத்தில்.

"அடுத்தவங்க சாமானை எடுக்கக் கூடாதும்மா" என்றார் லாசரஸ், முதல்முறையாகக் குரலில் டீயின் இதம் இல்லாமல். "அது இந்த அறையோட மரியாதை."

"நான் எடுக்கல அண்ணாச்சி. யாரு சாமானோ அவ எடுப்பா" என்று மெட்டில்டா குழந்தையைத் தூக்கி நாற்காலிக்கு நேரே பிடித்தாள்.

அமலி பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. முப்பது ஆண்கள் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு கைக்குழந்தை கையை நீட்டுமா நீட்டாதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள், எந்த ஆட்டத்திலும் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. கை வந்தது. முதலில் காலுறை. இடுப்பின் மேல் ஓர் உதை விழுந்தது, மெட்டில்டாவுக்கு வலித்தது, வலித்தது நன்றாக இருந்தது. பிறகு கிலுகிலுப்பை. சுவருக்குள் பாதியில் இருந்த சிரிப்பு அறுந்து, மிச்சப் பாதி அவள் காதோரம், ஈரமாக, எச்சிலோடு வந்தது.

வெளிச்சம் ஒருமுறை தணிந்தது. காற்று நின்றது. காலியான நாற்காலி தரையில் கறகறவென்று இழுபட்டு அவள் பக்கமாக ஓரடி வந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தொட்டில் சேலையின் ஒரு முனை குழந்தையோடு சுற்றி இருந்தது, அந்த முனையை யாரோ பிடித்து இழுப்பதுபோல விறைத்தது.

மெட்டில்டா தட்டை நாற்காலியில் கவிழ்த்துவைத்தாள்.

சேலை தளர்ந்தது. நாற்காலி நின்றது. காற்று மறுபடியும் வந்தது, வெளிச்சமும் வந்தது, ஆனால் முன்பு போல இல்லை, அதைவிட மேலாக. முதலில் தொபியாஸின் முகத்தில்தான் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். அப்புறம் ஐசக், அப்புறம் மொத்தா, அப்புறம் ஒவ்வொரு மேசையாக எல்லாரும் சாய்ந்தார்கள். எங்கோ ஒரு வீட்டில், எவ்வளவு நேரமானாலும், ஒருத்தி விளக்கை அணைக்காமல், சோற்றை மூடிவைத்து, தங்களுக்காகவே விழித்திருக்கிறாள் என்கிற நிச்சயம் அந்த அறைக்குள் நிறைந்தது. ஒருத்தருக்கும் போகவேண்டிய அவசரம் இல்லை. எப்போது போனாலும் கதவு திறக்கும்.

"இதுதான்யா" என்றார் லாசரஸ் மெல்ல. "இருபது வருஷமா நான் தேடுனது இதுதான்."

"நீ போ மெட்டி" என்றான் தொபியாஸ், சீட்டைக் கையில் விரித்தபடி, அவளை அன்பாகப் பார்த்து. "இதோ வந்துட்டேன். முழிச்சிட்டு இரு, என்ன?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வழக்கமாகச் சொல்கிற பதில் அங்கே இல்லை. நாக்கில் அது இருந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி வழவழவென்று இருந்தது. அவனைப் பார்த்தாள். நல்ல மனிதன், நீலச் சட்டை, மூட்டை எண்ணுகிறவன், தனக்குத் தெரிந்தவன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

தெருவில் யார் வீட்டிலோ தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜித் வாசலில் நின்று, "போனது வந்துட்டாட்டி?" என்று கேட்டாள். குழந்தை சிரித்துக் காட்டியது. "ஆத்தி! நீ என்னத்த வச்ச?" என்று அவள் கேட்டதற்கு, மெட்டில்டா, "ஒரு தட்டு மதினி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குள் வந்து, சேலையைத் திரும்பத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதில் போட்டாள். மூடாமல் கிடந்த சோறு லேசாகக் காய்ந்திருந்தது. அடுக்களையில் நின்றபடியே குழம்பை ஊற்றிப் பிசைந்து முழுவதையும் தானே சாப்பிட்டாள், கையைக் கழுவினாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள். காது எதற்காகவும் வாசல் பக்கம் போகவில்லை. வெளியே கிட்டங்கி மாடியில் ஆண்கள் சந்தோஷமாகப் பேசுகிற சத்தம், கடல் சத்தம் மாதிரி, யாருடையது என்று இல்லாமல் வந்துகொண்டிருந்தது. குழந்தை காலை உதைத்து உதைத்துத் தானாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தூங்கிப்போனது. அவளுக்கும் தூக்கம் வந்தது, பெரிய தூக்கம், கல்யாணத்துக்கு முந்தி வந்த மாதிரி.

படுக்குமுன் வாசலுக்குப் போனாள். இரண்டு வருஷமாக ராத்திரியில் வெறுமனே சாத்தி மட்டும் வைத்திருந்த கதவு, அவன் தள்ளினால் திறக்கும்படி. ஏன் அப்படி வைத்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. ஊருக்குள் இருட்டிவிட்டது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. பயன்படுத்தாமல் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்தி, உள்ளே இருந்து போட்டாள்.